குடும்பக் குழுக் கூட்டம்

குழந்தையின் பாதுகாப்பு குறித்த முடிவை அதன் உற்றார் உறவினரே கூடி எடுப்பதற்கு நியூசிலாந்து வகுத்த சட்டமுறை. குழந்தை நல வழக்குகளோடு இளஞ்சிறார் குற்ற வழக்குகளுக்கும் இது பொருந்தும்.

நாட்டின் பூர்வகுடிகளான மாவோரியரின் குழந்தைகளை அரசுக் காப்பகங்களுக்கும் அயலார் வீடுகளுக்கும் அனுப்பிவந்த வழக்கத்தை, ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு 1986இல் கடுமையாகச் சாடியது. அதன் அறிக்கையின் பெயருக்கு 'விடியல்' என்று பொருள். மாவோரியர் பார்வையில் குழந்தை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. 'ஃபானாவ்' என்னும் விரிந்த குடும்பத்துக்கும் குலத்துக்கும் உரியது. இக்கருத்து, இக்கூட்டமுறையை உருவாக்கிய 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது.

கூட்டத்துக்கு அதன் ஒருங்கிணைப்பாளர் தாத்தா பாட்டி, அத்தை, மாமன் வரை தேடி அழைக்கிறார். சமூகப் பணியாளர் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். பிறகு அதிகாரிகள் வெளியேற, குடும்பத்தார் தனித்துப் பேசுகின்றனர். இம்முறையின் உயிர்நாடி இந்தத் தனிமைதான். அதிகாரி அறையிலேயே இருந்தால் அது வெறும் கருத்துக் கேட்பாகிவிடும். குடும்பம் வகுக்கும் திட்டத்தைச் சமூகப் பணியாளரும் ஏற்க வேண்டும். உடன்பாடு இல்லையேல் வழக்கு நீதிமன்றம் செல்லக்கூடும்.

பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளும் இதைப் பின்பற்றின. பிறந்த மண்ணிலோ நடைமுறை சட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2019இல் ஹேஸ்டிங்ஸ் மருத்துவமனையில் மாவோரிப் பச்சிளங்குழந்தையொன்றைத் தாயிடமிருந்து பிரிக்க அதிகாரிகள் முயன்றது நாடெங்கும் கொந்தளிப்பை எழுப்பியது.