அளவு மனசுல இருக்கு!

திருநின்றவூரில் ஒரு பழைய தச்சுப் பட்டறை. தகரக் கூரை, தேக்கு வாசனை, காலில் மிதிபடும் இழைப்புச் சுருள். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் கறுத்துப்போன ஒரு கட்டை தொங்குகிறது. முழக்கோல்! தாத்தா காலத்து அளவுகோல். ஒரு முழத்துக்கு 24 விரல் என்பது தச்சர்களின் பழைய கணக்கு.

‘‘இதுல இப்பவும் அளக்கறீங்களா?’’ என்று ஆசாரியிடம் கேட்டேன்.

‘‘எங்க சார்... பையன் லீவுல வந்தா டேப்புல அளப்பான். எனக்கு அதுவும் வேணாம். அளவு மனசுல இருக்கு!’’

எந்த ஊரில் நின்றுகொண்டு சொல்கிறார், பாருங்கள்! கோயில் கட்டக் காசில்லாத பூசலார், கல்லும் மரமும் இல்லாமல் மனசுக்குள்ளேயே கோயில் எழுப்பிய ஊர் இது. அதே நாளில் காஞ்சியில் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்திருந்த பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, ‘எனக்கு நின்றவூரில் வேலை இருக்கிறது, உன் கோயிலுக்கு நாள் மாற்று’ என்றாராம். மன்னன் ஓடி வந்து தேடினால், ஊரில் கோயிலே இல்லை! 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் எழுதிவைத்த கதை. இன்று அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

சரி, அது புராணம். மனசில் அளவு வைத்திருக்கும் நிஜப் பட்டறைகளைப் பார்க்க வேண்டுமென்றால், தஞ்சாவூர் போக வேண்டும். வீணை செய்கிற குடும்பங்கள் அங்கேதான் தலைமுறை தலைமுறையாக உளி பிடிக்கின்றன.

மரம், பலா. பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்துப் பலா. குடம், தண்டி எல்லாவற்றையும் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. 17-ம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளோடு இந்த வடிவம் வந்தது என்பார்கள். (மறுபடியும் 24! ஆசாரிகளுக்கும் இந்த எண்ணுக்கும் ஏதோ ராசி.)

குடைவது, யாளி முகம் செதுக்குவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. தெரியாத வேலை, மெட்டு வைப்பது. தண்டியின் மேல் தேன்மெழுகில் கரித்தூள் கலந்து வரப்புபோல் இரண்டு பக்கமும் ஏற்றி, அதன்மேல் பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். எந்த இடத்தில்?

மேல்நாட்டில் இதற்குக் கணக்கு உண்டு. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலி ஓர் இசைக்காரர். மீதமிருக்கும் தந்தியின் நீளத்தில் 18-ல் ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டை வை என்று 1581-லேயே எழுதிவிட்டார். கால்குலேட்டர் இருந்தால் நானும் நீங்களும்கூட கிடாருக்குக் கோடு போட்டுவிடலாம்.

வீணைப் பட்டறையில் கதை வேறு. தந்தியை மீட்டுவார், கேட்பார். மெட்டை நூலளவு நகர்த்துவார், மறுபடி கேட்பார். காதுதான் டேப்பு!

இன்னொரு விஷயம். மெழுகாச்சே... வெயிலில் இளகும், மெட்டு நகரும். அதனால் வீணை அவ்வப்போது மெட்டு வைக்கிறவர் கைக்குத் திரும்பி வந்தே ஆக வேண்டும். பாட்டி வாசித்த வீணையைப் பேத்தி தூக்கி வருவாள். விற்றதோடு உறவு முடிகிற வியாபாரம் இல்லை இது.

2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால், எனக்கு பி.காம். புத்தி. குறியீடு காப்பாற்றுவது பெயரை. பட்டறையின் சொத்துப் பட்டியலில் மரம் வரும், உளி வரும். அந்தக் காதை எந்தக் கணக்கில் எழுதுவது? அப்பா பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால்தான் அது பிள்ளைக்கு வரும். பிள்ளை மாசச் சம்பளத்துக்குப் போகிறான் என்றால், போகாதே என்று சொல்ல நாம் யார்? ஒரு வீணைக்கு எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போட்டுவிட்டு அல்லவா சொல்ல வேண்டும்!

திருநின்றவூர் ஆசாரியின் மகனும் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலையில்தான் இருக்கிறான். கிளம்பும்போது அந்த முழக்கோலை விலைக்குக் கேட்டேன்.

‘‘தர மாட்டேன் சார். நாளைக்குப் பையன் கேட்டா..?’’

‘‘கேட்டிருக்கானா?’’

‘‘இன்னும் கேக்கல’’ என்றபடி அதைத் துணியால் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினார்.