சக்கரக் குடத் தாங்கி (லேண்ட் ரோவர் டிஃபென்டர்)

சக்கரக் குடத் தாங்கி என்பது ஊர்தியின் சக்கரம் நிலையான அச்சுமுனையின் மீது குறைந்த உராய்வுடன் சுழல உதவும் பொறி உறுப்பு ஆகும். பட்டறைகளில் இது வீல் பேரிங் என்றே வழங்கப்படுகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் வந்து சேரும் நடுப்பகுதியைத் தமிழில் குடம் என்பர். மோட்டார் ஊர்தியில் ஹப் எனப்படுவதும் அதுவே. கரடுமுரடான பாதைகளிலும் நீரிலும் சேற்றிலும் ஓடும் ஊர்திகளில் இத்தாங்கிகளும் அவற்றைக் காக்கும் எண்ணெய்த் தடுப்பு வளையங்களும் விரைவில் தேய்கின்றன. 1990 இல் டிஃபென்டர் என்ற பெயரைப் பெற்று, 2016 சனவரி வரை இங்கிலாந்தின் சோலிகல்லில் தயாரிக்கப்பட்ட லேண்ட் ரோவர் ஊர்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அமைப்பு

டிஃபென்டரின் ஒவ்வொரு குடத்திலும் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு கூம்புருளைத் தாங்கிகள் உள்ளன. இவ்வகைத் தாங்கிக்கு 1898 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் என்றி டிம்கன் என்னும் குதிரை வண்டி செய்பவர். உருளைகள் சாய்வாக அமைந்திருப்பதால் ஊர்தியின் எடையை மட்டுமன்றி, வளைவுகளில் பக்கவாட்டில் எழும் விசையையும் இவை தாங்குகின்றன.

இவ்வூர்தியின் பின் அச்சு முழுமிதவை அச்சு ஆகும். சக்கரத்தைச் சுழற்றும் அரைத்தண்டு எடையைச் சுமப்பதில்லை. தண்டு முறிந்தாலும் சக்கரம் கழன்று விழாது. ஆனால் எடை முழுவதும் தாங்கிகளின் மீதே உள்ளதால், அவை முற்றிலும் சிதைந்தால் சக்கரத்தைப் பிடித்துவைக்க வேறொன்றும் இல்லை.

பழுதின் காரணங்களும் அறிகுறிகளும்

நீரே முதன்மையான பகை. நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய குடம் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து நீரை இழுக்கிறது. தடுப்பு வளையத்தின் விளிம்பு தேய்ந்திருந்தால் நீர் உள்ளே புகுந்து மசகைக் கெடுக்கும். உருளைகளில் துரு பிடிக்கும். வளையம் கெடுவதால் வேறொரு தீங்கும் உண்டு. மசகும் அச்சு எண்ணெயும் கசிந்து தடைக் கட்டைகளில் படிந்தால், தடையை மிதிக்கும்போது ஊர்தி ஒரு பக்கமாக இழுக்கும்.

வேகத்துடன் கூடும் உறுமல் ஒலி, மற்ற சக்கரங்களைவிடக் கூடுதலாகச் சூடேறும் குடம், சக்கர ஆட்டம் ஆகியவை அறிகுறிகள். சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். முன்சக்கரத்தில் இந்த ஆட்டம் திருப்பு முளையின் தேய்வாலும் வரலாம். தடையை ஒருவர் மிதித்துக்கொண்டிருக்க மற்றொருவர் அசைக்கும்போது ஆட்டம் மறைந்தால், குற்றம் தாங்கியில் உள்ளது எனக் கொள்ளலாம்.

மாற்றும் முறை

ஊர்தியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் உறுதியான தாங்குகட்டைகளில் நிறுத்துதல் வேண்டும். சக்கரத்தையும் தடை உறுப்புகளையும் நீக்கியபின், அரைத்தண்டின் விசையைக் குடத்துக்குக் கடத்தும் விளிம்புத் தகட்டைக் கழற்றுவர். உள்ளே இரண்டு பெரிய மரைகளும், அவற்றிடையே மடிக்கப்பட்ட பூட்டுத் தகடும் இருக்கும். இவற்றுக்கு 52 மி.மீ. ஸ்பேனர் தேவை. உளியால் தட்டித் திருப்பும் பழக்கம் பரவலாக இருப்பினும், அது மரையைச் சிதைப்பதோடு உலோகத் துகள்களையும் உள்ளே விடுகிறது.

குடத்தினுள் இறுகப் பதிந்துள்ள வெளிவளையங்களையும் உருளைகளுடன் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புதிய உருளைகள் ஓடினால் அவையும் விரைவில் கெடும். புதிய வளையத்தை அழுத்தியோ, மென்மையான பித்தளைக் கம்பியால் சுற்றிலும் சீராகத் தட்டியோ கோணாமல் அடிவரை இறக்குவர். மசகை உருளைகளின் இடுக்குகளில் புகும்படி திணிக்க வேண்டும். மேலே பூசினால் போதாது. தடுப்பு வளையம் உரசும் அச்சுமுனைப் பரப்பில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய வளையமும் கசியும் என்பதால், அப்பரப்பை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

இடைவெளி சரிசெய்தல்

இப்பணியில் மிகவும் நுட்பமான கட்டம் இதுவே. குடத்தைச் சுழற்றிக்கொண்டே உள்மரையை இறுக்கி உருளைகளைப் படியவைத்து, பின்பு தளர்த்தி, மீண்டும் மெல்ல இறுக்குவர். எஞ்சும் அச்சுத்திசை ஆட்டம் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதனைக் கடிகார முள் அளவியால் அளப்பர். மிகவும் இறுகினால் தாங்கி சூடேறி மசகு உருகும். தளர்ந்தால் உருளைகள் ஒரு பக்கமாகச் சுமையேற்று வளையத்தைக் குழியாக்கும். வெளிமரையை இறுக்கும்போது உள்மரையும் சற்று நகரக்கூடும். ஆகவே, பூட்டுத் தகட்டை மடிக்குமுன் மறுபடியும் அளக்க வேண்டும்.

பிற்கால டிஃபென்டர்களில் இரண்டு மரைகளுக்குப் பதிலாக, குறித்த தடிமனுள்ள இடைவளையமும் 210 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கப்படும் ஒற்றை மரையும் உள்ளன. இதில் கைத்திறனுக்கு இடம் குறைவு. இருப்பினும் தாங்கிகளை மாற்றிய பின் பழைய இடைவளையம் பொருந்தாமல் போகலாம் என்பதால், பலர் இவ்வூர்திகளிலும் இரட்டை மரை அமைப்பையே பொருத்திக்கொள்கின்றனர்.

2019 இல் அறிமுகமான புதிய டிஃபென்டரில் தனித்தியங்கும் தொங்கமைப்பு உள்ளது. மேற்கூறிய முறை அதற்குப் பொருந்தாது.