மருந்து, குண்டு, நெருப்பு: தங்கவயலின் சொல்லப்படாத வரலாறு

தங்கவயலுக்கு அணித்தே பூதிக்கோட்டை என்னும் சிற்றூர் உளது. ஐதர் அலி பிறந்த ஊர் அதுவே. அவர்தம் தந்தையார் அடக்கமாகியிருப்பது கோலார் நகரில். பொன் விளைந்த பூமி என்று மட்டும் நாம் பெருமை பேசும் இம்மண், சுரங்கங்கள் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே துப்பாக்கியோடும் வெடிமருந்தோடும் பழகிய மண் என்பதை நம்மவர் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்காலத் துப்பாக்கி, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. தனியே விட்டால் அஃது ஓர் இரும்புக் குழல். தடியாகச் சுழற்றலாம், அவ்வளவே. அதனைப் படைக்கலம் ஆக்குபவை மருந்து, குண்டு, நெருப்பு என்னும் மூன்று. இம்மூன்றையும் தேர்ந்தெடுக்கும் அறிவே துப்பாக்கி வீரனின் அறிவு. முதன்முதலாக ஒரு துப்பாக்கி கைக்கு வந்தவன் குறிபார்க்கக் கற்பதற்கு முன் இவற்றைக் கற்றாக வேண்டும்.

மருந்து என்றே தமிழர் அதற்குப் பெயரிட்டனர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல் அமைந்தது வியப்பன்று. இரண்டும் அளவறிந்து சேர்க்க வேண்டிய கலவைகள். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றில் ஏறத்தாழ முக்காற்பங்கு வெடியுப்பே. பழைய மண்சுவர்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் பூத்த உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி அதனை எடுத்தனர். உப்பிலியர் என்னும் சமூகத்தார்க்கு அது குலத்தொழிலாய் இருந்தது. கரிக்கு வன்மரம் உதவாது. எருக்கந்தண்டு, துவரைத் தட்டை போன்ற மெல்லியவற்றையே சுட்டனர். கந்தகம் ஒன்றைத்தான் கடைச்சரக்காக வாங்க வேண்டியிருந்தது. கலவை ஒன்றாயினும் குருணையின் பருமன் வேறுபடும். பீரங்கிக்குப் பருங்குருணை, துப்பாக்கிக் குழலுக்குச் சிறுகுருணை, பற்றவைக்கும் கிண்ணத்துக்கு மாவு போன்ற பொடி. பீரங்கிக் குருணையைத் துப்பாக்கிக்கு இட்டவன் குறி தவறுவான். கிண்ணத்துப் பொடியைக் குழல் நிறைய இட்டவன் தன் கையையே இழப்பான். மழைக்காலத்தில் மருந்து ஈரம் குடித்துவிட்டால் எந்த வீரமும் பயன்படாது.

குண்டு ஈயத்தால் ஆவது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்கள் ஏந்திய துப்பாக்கியின் குழல்வாய் முக்கால் அங்குலம். அதில் இட்ட குண்டோ 0.69 அங்குலம். ஏன் இந்த இடைவெளி? கருமருந்து எரியுந்தோறும் குழலினுள் கரிப்பிசின் படியும். பத்துப் பதினைந்து முறை சுட்டபின் இறுக்கமான குண்டு உள்ளே இறங்காது. எனவே விரைவு வேண்டியவன் சிறிய குண்டைத் தேர்ந்து குறியை விட்டுக்கொடுத்தான். குழலின் உட்புறம் திருகுவரி வெட்டிய ரைபிள் வந்தபோது கணக்கு மாறிற்று. எண்ணெயோ கொழுப்போ தடவிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து இடிகோலால் அழுத்தி இறக்க வேண்டும். குறி தப்பாது, ஆனால் காலம் பிடிக்கும். வேடனுக்கு அது தகும். வரிசையில் நின்று சுடும் படைவீரனுக்குத் தகாது. பறவைக்கு இடும் சிறு ஈயமணிகளை நம்மவர் ரவை என்றனர். உப்புமாவின் ரவையும் அதுவும் ஒரே சொல்லாய் நம் வீடுகளில் வழங்குவது கேட்டு அயலார் திகைப்பதுண்டு.

குண்டுக்குத் தடவிய கொழுப்பு ஒரு பேரரசையே உலுக்கிய கதை யாவரும் அறிந்தது. 1857இல் புதிய என்ஃபீல்டு ரைபிளுக்கென வந்த காகிதத் தோட்டாக்களில் பசு, பன்றிக் கொழுப்பு தடவப்பட்டிருப்பதாக எழுந்த பேச்சு வடநாட்டுச் சிப்பாய்களைக் கிளர்ந்தெழச் செய்தது. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் முதலில் வெடித்தது துணைப்பொருள் பற்றிய ஐயமே.

துணைப்பொருளைக் காக்கத் தவறியோர் போரையே இழந்தனர் என்பதற்குத் தமிழ்மண்ணில் சான்று உண்டு. 1780 செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஐதரும் திப்புவும் வளைத்தனர். ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதன்பின் அப்படையிடம் துப்பாக்கிகள் இருந்தும் இல்லாதவையே ஆயின. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வினை திரும்பி வந்தது. 1799 மே 2இல் ஆங்கிலேயரின் குண்டு ஒன்று சீரங்கப்பட்டணக் கோட்டைக்குள்ளிருந்த ஏவுகணைக் கிடங்கில் வீழ்ந்து அதனை வெடிக்கச் செய்தது. இரண்டு நாளில் கோட்டையும் வீழ்ந்தது, திப்புவும் வீழ்ந்தார்.

மூன்றாவதாகிய நெருப்பின் கதையே நீண்டது. முதலில் எரியும் திரி. மழையிலும் இரவிலும் அது பகை. பின்னர்ச் சக்கிமுக்கிக் கல். அதிலும் தேர்வு உண்டு: பிரான்சின் தேன்நிறக் கல்லும் இங்கிலாந்தில் பிராண்டன் என்னும் ஊரின் கருங்கல்லும் பெயர்பெற்றவை. ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார் ஒருவர் இருந்தார். வாத்து வேட்டையில் விருப்பமுடையவர். கிண்ணத்து மருந்து பளிச்சிடுவதைக் கண்டே பறவைகள் தப்பிவிடுகின்றன என்று அவர் மனம் வெதும்பினார். அடித்தால் வெடிக்கும் ரசாயனப் பொருளைக் கொண்டு கிண்ணமே இன்றிப் பற்றவைக்கும் வகையை ஆராய்ந்து 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் பிறந்ததே நாம் கேப்பு என வழங்கும் செப்புத் தொப்பி. மூக்குக்குழாயின் மேல் அதனைச் செருகிக் குதிரையைத் தட்டினால் போதும். தொப்பி தளர்ந்திருந்தால் வழியில் விழுந்துவிடும். இறுகியிருந்தால் அழுத்திச் செருகும்போதே வெடித்துவிடும். ஆகவே மூக்கின் அளவுக்கேற்ற கேப்பைத் தேர்வதே புதியவன் கற்க வேண்டிய முதற்பாடம் ஆயிற்று. 1840களில் ஆங்கிலப் படைகளும் கல்லைக் கைவிட்டுக் கேப்புக்கு மாறின.

இத்தனை அறிவும் தமிழரிடம் இருந்தது, பின் பறிக்கப்பட்டது. பாளையக்காரர் போர் முடிந்தபின், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த பிரகடனம் பாளையங்களின் படைக்கலங்களைத் தடைசெய்தது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என விதித்தது.

அச்சட்டம் வந்த ஆண்டுகளில்தான் தங்கவயலின் கதை தொடங்குகிறது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கெதிரான போரில் இருந்து வந்த மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர், பெங்களூரில் குடியேறி ஓய்வாக இருந்தவர், லெப்டினன்ட் வாரன் 1802இல் இப்பகுதியில் ஆராய்ந்து எழுதிய குறிப்பைப் படித்தார். மாரிக்குப்பத்து மக்கள் வெடி ஏதுமின்றிக் கைக்கருவி கொண்டே குழி தோண்டிப் பொன் எடுத்ததை வாரன் கண்டு எழுதியிருந்தார். லவெல் 1875இல் மைசூர் அரசிடம் உரிமை பெற்றார். பெங்களூரில் அவர் பெயரால் ஒரு சாலை உண்டு. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதற்குச் சற்று முன்னர்த்தான் 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் வட ஆற்காட்டையும் சேலத்தையும் சூறையாடியிருந்தது. நிலமற்றோரும் ஒடுக்கப்பட்டோருமாய் நம் முன்னோர் பிழைப்புத் தேடி இங்கு வந்தனர்.

துப்பாக்கி வைத்திருக்க உரிமையற்ற அம்மக்களின் கையில், துப்பாக்கியின் மூன்று துணைப்பொருள்களில் இரண்டைச் சுரங்கம் நாள்தோறும் திணித்தது. பாறையில் இடும் துளையை நோக்குக. ஒருபுறம் மூடியது, மறுபுறம் வாய். வாய்வழியே மருந்து இடுகிறோம், கோலால் கெட்டிக்கிறோம், நெருப்பு வைக்கிறோம். பாறையே குழலாகிய துப்பாக்கி அது! குண்டு மட்டும் இல்லை. சிதறும் பாறையே குண்டு. தொடக்க நாளில் உளியும் சுத்தியலும் கொண்டு அத்துளையைக் கையாலேயே இட்டனர். அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறி பின்னர் வந்தது.

நெருப்பு வைக்கும் வழி கார்ன்வாலிலிருந்து வந்தது. அந்நாட்டுச் சுரங்கத்தாரே தங்கவயலில் மேற்பார்வையாளராக அமர்ந்தனர். அங்கே வைக்கோலிலும் இறகுக்காம்பிலும் மருந்து அடைத்துத் திரியாகப் பயன்படுத்தி எண்ணற்றோர் மாண்டதைக் கண்டு வருந்தியவர் வில்லியம் பிக்ஃபோர்டு என்ற தோல் வணிகர். நூலிழைகளுக்கிடையே மருந்தை வைத்து முறுக்கி, பூச்சுப் பூசிய காப்புத்திரியை அவர் 1831இல் கண்டார். ஓரடி எரிய ஏறத்தாழ அரை நிமிடம். எத்தனை அடி திரி வெட்டுகிறோமோ அத்தனை நேரமே ஓடி ஒதுங்கக் கிடைக்கும். திரியின் நீளம் ஆயுளின் நீளம்.

வேடனின் கேப்பும் சுரங்கத்துக்குள் வந்தது. நைட்ரோகிளிசரின் என்னும் நீர்மம் திரியின் தீக்கு ஒழுங்காக வெடிக்காது. அதனோடு மல்லாடிய ஆல்ஃபிரட் நோபல், 1864இல் ஒரு வெடிவிபத்தில் தம்பி எமிலை இழந்தார். கேப்பில் இருந்த அதே பாதரச உப்பைச் செப்புக்குப்பியில் அடைத்து டெட்டனேட்டர் செய்தார். 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். நம்மவர் பாறைத்துளையில் இட்டவை அந்த இனத்தைச் சேர்ந்தவையே. அம்மருந்தை வெறுங்கையால் தொட்டவருக்கு மண்டை பிளக்கும் தலைவலி. அதற்குக் காரணம் வேலையின் களைப்பன்று. நைட்ரோகிளிசரின் தோல்வழி இரத்தத்தில் கலந்து நாளங்களை விரிப்பதே.

பழந்துப்பாக்கியின் விதிகள் ஒவ்வொன்றும் சுரங்கத்திலும் உயிர்பெற்றன. இரும்புக்கோலால் கெட்டித்தால் பொறி பறக்கும். ஆதலின் மரக்கோலே வேண்டும் எனச் சட்டம் விதித்தது. வெடிக்காத துப்பாக்கியின் வாயை உடனே நோக்கலாகாது; வெடிக்காத துளையருகேயும் காலம் தாழ்த்தியே செல்ல வேண்டும். மூன்றாவது விதியே கொடியது. 1863இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய துப்பாக்கிகளுள் பல்லாயிரம், முன்னிட்ட மருந்து வெடிக்காதது அறியாமல் மேலும் கெட்டிக்கப்பட்டிருந்தன. சுரங்கத்தில் அதற்கு இணை, பழந்துளையின் அடியில் எஞ்சிய மருந்து. அத்துளையிலேயே மறுபடி துளைப்பது விதிப்படி குற்றம்; ஆயினும் மங்கிய வெளிச்சம், சேறு, கூலிக்கணக்கின் அவசரம் ஆகியவை விதியைவிட வலியவை. அவ்வாறு துளைப்புக்கோல் எஞ்சிய மருந்தைத் தொட்ட நொடியில் எதிரே நின்றவர்க்கு மருத்துவரால் ஆவது ஒன்றும் இல்லை.

மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிய ஆழங்களை ஆங்கில நூல்கள் வியந்து எழுதுகின்றன, இலாபத்தையும் எழுதுகின்றன. மேற்பார்வையாளர் கேப்டன் பிளம்மரின் பெயரும் நிலைத்தது. திரியை அளந்து வெட்டியவர் பெயர்கள் நூல்களில் ஏறவில்லை. குழந்தையைத் தூக்குமுன் சாம்பல் தேய்த்துக் கைகழுவிய தந்தையை நினைவில் வைத்திருப்போர் இன்றும் நம்மிடையே இருக்கலாம். அவர்கள் சொல்லத் தொடங்கினால் எழுதிக்கொள்வது நலம்.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத தங்கச் சுரங்க நிறுவனத்தின் பணிகள் நின்றன. வாய்வழித் துப்பாக்கியோ இன்னும் நிற்கவில்லை. எல்லைக்கப்பால் கிருஷ்ணகிரிக் காட்டோர ஊர்களில் அதே நாட்டுத் துப்பாக்கி இன்றும் உண்டு. உரிமம் பெற்றவர் எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பது உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கி வருவர். தேர்தல் முடிந்ததும் சீட்டைக் கொடுத்து மீட்டுவந்து, முதலில் ஒரு வெறுங்கேப்பை வெடித்து, மூக்குக்குழாயின் ஈரம் போயிற்றா என்று பார்ப்பர்.