புகையும் கிறுகிறுப்பும்: சில சொற்களின் வரலாறு

தென்னகத்திற்குப் புகையிலை வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. அது வந்த வழியும் பரவிய விரைவும் வரலாற்று நூல்களில் விரிவாகவே இடம்பெற்றுள்ளன. ஆனால் அதனை முதன்முதலாக வாயில் வைத்தவனுக்குத் தலை சுழன்று, உடல் வியர்த்து, வயிறு குமட்டிய நிலை எச்சொற்களால் சுட்டப்பட்டது என்பது அத்துணைக் கவனம் பெறவில்லை. பார்வைக்கு இது சிறிய செய்தியே. எனினும் மருத்துவத் துண்டறிக்கைகளை மொழிபெயர்ப்போர் நாள்தோறும் இடறி விழும் இடங்களுள் இதுவும் ஒன்றாதலின், அச்சொற்களின் வரலாற்றை நோக்குவது பயனுடையது.

இந்தியாவில் குழல்வழிப் புகைத்த தொடக்கநிலையாளர் ஒருவரைப் பற்றிய புகழ்பெற்ற பதிவு கருநாடக மண்ணோடு தொடர்புடையது. அக்பரின் இறுதி ஆண்டுகளில் பீஜப்பூருக்குத் தூது சென்ற அசத் பேக், அங்குக் கண்ட புகையிலையையும் அணிசெய்யப்பட்ட குழல் ஒன்றையும் ஆக்ராவுக்குக் கொண்டுவந்து பேரரசரின் முன் வைத்தார். பேரரசர் சில முறை இழுத்துப் பார்த்தார்; அரண்மனை மருத்துவர் குறுக்கிட்டார். நம் அறிஞர்கள் சோதித்தறியாத ஒன்றை ஐரோப்பியரைப் பின்பற்றி ஏற்பதற்கில்லை என்பது மருத்துவரின் வாதம். பேரரசர் அப்பழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை, பிரபுக்கள் கைக்கொண்டனர். அதே காலத்தில், 1604-இல், இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்சு புகையிலையைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். 1617-இல் ஜஹாங்கீர் தம் ஆட்சிப்பரப்பில் அதனைத் தடைசெய்தார். இரு தடுப்புகளும் பயன் தரவில்லை என்பது அனைவரும் அறிந்ததே.

வடபுலத்தில் பொருளோடு பெயரும் வந்தது. ‘தம்பாக்கு’ என்னும் சொல் அங்கு நிலைத்தது. திராவிட மொழிகளோ பொருளை ஏற்றுப் பெயரைத் தாமே படைத்துக்கொண்டன. தமிழில் ‘புகையிலை’, மலையாளத்தில் ‘புகயில’, தெலுங்கில் ‘பொகாகு’, கன்னடத்தில் ‘ஹொகெசொப்பு’ என நான்கும் ஒரே வார்ப்பில் அமைந்த தொகைச்சொற்கள். ‘புகை’க்கு நேரான சொல் முன்னும் ‘இலை’க்கு நேரான சொல் பின்னும் நிற்கின்றன. கன்னடம் மட்டும் ‘எலெ’ என்னாது, கீரைக்கும் தழைக்கும் உரிய ‘சொப்பு’ என்பதைத் தேர்ந்தது. தமிழ்ப் புலவர்கள் இதற்கு மேலும் சென்று கதையொன்றையும் கட்டினர். மும்மூர்த்திகள் தந்த இலைகளுள் வில்வமும் துளசியும் போய்விட, பிரமன் தந்தது மட்டும் போகாது நின்றதால் அது ‘போகையிலை’ ஆகிப் பின் ‘புகையிலை’ ஆயிற்றாம்; ‘பிரமபத்திரம்’ என்னும் பெயரும் இக்கதையின்பாற்பட்டது. சொற்பிறப்பியலார் சிரிப்பர், ஆயினும் அயல்நாட்டுச் செடிக்குப் புராணக் குடியுரிமை தேடும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகன்பால் புகையிலையையே தூதாக விடுத்துப் ‘புகையிலை விடு தூது’ பாடியதும் அக்குடியுரிமைக்குச் சான்று. உ.வே.சாமிநாதையர் அதனைப் பதிப்பித்துக் காத்தார்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்லே இவ்வாய்வுக்கு மிகுதியும் உதவுவது. தமிழர் சுருட்டும் பீடியும் ‘குடி’க்கின்றனர், ‘பிடி’க்கின்றனர், ‘இழு’க்கின்றனர், கேலியாக ‘ஊது’கின்றனர். யாழ்ப்பாணத்தார் ‘பத்து’கின்றனர். மலையாளிகள் ‘வலி’க்கின்றனர். கன்னடர்க்கு ‘சேது’ என்பதே வழக்கு; கிணற்றிலிருந்து நீர் இறைப்பதற்கும் அதுவே சொல். புகையைக் குடித்தல் தமிழுக்கே உரிய வழக்கு என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் புகையிலையைக் ‘குடித்தனர்’. இந்தியும் அரபும் துருக்கியும் இன்றும் அவ்வாறே கூறுகின்றன. புகையை உட்கொள்ளும் பழக்கம் புதிதாக வந்தபோது, பல மொழிகள் தம்மிடமிருந்த அண்மை வினையையே அதற்கு நீட்டின.

இவ்வினைகளின் வேறுபாடு உடலளவிலும் பொருளுடையது என்பது சுவையான செய்தி. சுங்கான் எனப்படும் புகைக்குழலிலும் சுருட்டிலும் எழும் புகை பெரும்பாலும் காரத்தன்மையுடையது. அதிலுள்ள நிகோடின் வாயின் மென்தோல் வழியாகவே குருதியில் கலந்துவிடும். சிகரெட்டுப் புகை சற்று அமிலத்தன்மையுடையதாதலின் நுரையீரல்வரை இழுக்கப்பட்டாலன்றி முழுதும் வேலை செய்யாது. சிகரெட்டில் ‘இழுக்க’ப் பழகியவர் சுங்கானையும் அவ்வாறே இழுக்கும்போது, வாய்வழியும் நுரையீரல்வழியும் நிகோடின் ஒருசேர ஏறுகிறது, சில வினாடிகளில் மூளையை எட்டுகிறது. வெறும் வயிறும் விரைந்த இழுப்பும் சேர்ந்தால் அவர் அமர்ந்த இடத்திலேயே கிறுகிறுத்துப் போவார். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் தன் பங்கைச் செய்யும். சுங்கானைப் பொறுத்தவரை ‘குடித்தல்’, அதுவும் மெல்லச் சுவைத்துக் குடித்தல், செயலை ஓரளவு சரியாகவே சுட்டும் வினை எனலாம். அதனால் சுங்கான் தீங்கற்றது என்பதன்று. வாய்ப்புற்றுக்கு அது வழி என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை.

நிகோடினைத் தனியே பிரித்தெடுத்தோர் 1828-இல் ஐடல்பர்க்கில் பணியாற்றிய பாசெல்ட், ரைமான் ஆகிய இருவர். பிரான்சுக்குப் புகையிலையை அறிமுகப்படுத்திய தூதர் ழான் நிக்கோவின் பெயர் அதற்கு அமைந்தது. நஞ்சின் பெயர் உலகப் பொதுவாயிற்று. அது தரும் மயக்கத்தின் பெயரோ மொழிதோறும் வேறாகவே நின்றது.

தமிழில் அம்மயக்கத்திற்குப் பல சொற்கள் உள. ‘தலைசுற்றல்’, ‘கிறுகிறுப்பு’, ‘கிறக்கம்’, ‘மயக்கம்’, ‘பித்தம் தலைக்கேறுதல்’ என்பன துன்பத்தின் பக்கம் நிற்பன. ‘லாகிரி’, ‘போதை’, ‘மப்பு’ என்பன இன்பத்தின் பக்கம் சாய்வன. ‘சொக்குதல்’ இரண்டுக்கும் இடைப்பட்டது. கன்னடத்திலும் ‘சொக்கு’ உண்டு. அங்கு மயக்கப் பொருள் பின்தங்கி இறுமாப்பு என்னும் பொருளே இன்று முந்தி நிற்கிறது. தமிழ்ச் ‘செருக்கு’ நடந்த பாதையும் இதுவே. பழைய இலக்கியத்தில் கள்ளுண்ட களிப்பைக் குறித்த அச்சொல் பின்னர் ஆணவத்தைக் குறிக்கலாயிற்று. தலை சுழல்வதும் தலைக்கனம் ஏறுவதும் நம் மொழிகளில் அண்டை வீட்டார்.

இச்சொற்கள் ஒன்றோடொன்று உரசிய களங்களுள் பெங்களூரு முதன்மையானது. 1809-இல் அங்குப் படைமுகாம் அமைந்தபின் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். 1881 முதல் 1947 வரை அப்பகுதி ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் தனி நிலையமாக இருந்தது. அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கின. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் சுருட்டுகள் ஆங்கிலேயர் நடுவே பெயர் பெற்றிருந்தன; ‘சுருட்டு’ ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆகி, 1886-இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியில் இடம்பெற்றது. 1910-களில் பிரேசர் டவுன் பகுதியில் சிகரெட்டுத் தொழிற்சாலை எழுந்தது. தமிழர் ‘தலை சுத்துது’ என்பதும் கன்னடர் ‘தலெ சுத்துத்தெ’ என்பதும் ஒருவர்க்கொருவர் விளங்குவன. ஆனால் கன்னடத்தில் ‘தலெ திருகு’ என்றால் தலைசுற்றலேயன்றி, அறிவு மாறிப்போதலும் ஆணவம் தலைக்கேறுதலும் ஆகும். இவ்விடத்தில் விழிப்புத் தேவை.

இன்று அந்நகரில் இச்சொற்கள் ஆய்வுப்பொருள் மட்டுமல்ல. கருநாடக அரசு 2024 பிப்ரவரியில் உக்காப் பொருள்களின் விற்பனையையும் நுகர்வையும் மாநில முழுமைக்கும் தடைசெய்தது. புகையிலையைக் கைவிட விழைவோர்க்கான தேசியத் தொலைபேசி அறிவுரைச் சேவையின் மையம் ஒன்று பெங்களூரு நிம்ஹான்சில் 2018-இல் தொடங்கப்பெற்றது. தென்மொழிகளில் பேசுவோர் தம் உடல்நிலையைத் தம் சொல்லிலேயே கூறுவர். புதிதாகப் புகைப்பவருக்குத் தலை சுற்றுவது நிகோடின் மிகுவதால். பல்லாண்டு புகைத்து விட்டவருக்கு முதல் சில நாள்களில் தலை சுற்றுவது நிகோடின் இன்மையால். இருவரும் ஒரே சொல்லைத்தான் சொல்வர். கேட்பவர் காலத்தையும் காரணத்தையும் வினவித் தெளிய வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘வெர்டிகோ’ சூழலே சுழல்வது. ‘லைட்ஹெடெட்’ என்பது நிலைகொள்ளாது மிதப்பது போன்றது. பின்னதைத் ‘தலை லேசாக இருத்தல்’ எனப் பெயர்ப்பது பிழை மட்டுமன்று, தீங்குமாகும். தமிழில் தலை லேசானால் பாரம் நீங்கி நலமாயிற்று என்றே பொருள். முன்னதற்குத் ‘தலைசுற்றல்’, பின்னதற்குக் ‘கிறுகிறுப்பு’ என வரையறுத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்கும்.

நிகோடின் மெல்பசைக்கான அறிவுரையிலும் இச்சிக்கல் உண்டு. விரைந்து மென்றால் அதுவும் கிறுகிறுப்பைத் தரும். சிறிது மென்று, காரம் ஏறியதும் கன்னத்தோரம் நிறுத்திவைக்க வேண்டும். அச்செயலுக்கு ஆங்கிலத்தார் வண்டியை நிறுத்தும் வினையைக் கடன் வாங்கினர். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ‘நிறுத்துக’ என்று எழுதினால் மெல்லுவதையே கைவிடுக என்று பொருள்படும். வெற்றிலையோடு புகையிலை போட்ட மூதாட்டியர் அதற்கு வழங்கிய சொல் ‘ஒதுக்கிக்கொள்’ என்பது. அது கையிலேயே இருக்கிறது.