நின்று யோசிக்கும் உரிமை: பொழுதுபோக்குச் சதுரங்கத்தில் கால வரம்பு

நண்பர்கள் இருவர் மாலையில் சதுரங்கம் ஆட உட்கார்ந்தால் கடிகாரத்தில் எத்தனை நிமிடம் வைப்பது? இன்று பெரும்பாலும் 3 அல்லது 5 நிமிடம். கைபேசியில் ஆடுவோர் ஒரு நிமிடத்துக்கும் இறங்கிவிடுகிறார்கள். வேகம் பொழுதுபோக்காக ஆடுபவருக்கு, நிதானம் போட்டிக்குப் போகிறவருக்கு என்ற பிரிவினை விவாதமே இல்லாமல் நிலைபெற்றுவிட்டது. இது தலைகீழான பிரிவினை என்பதே இக்கட்டுரையின் வாதம். நேரம் குறையும்போது தேர்ந்த ஆட்டக்காரர் தம் திறமையில் பெரும்பகுதியைக் காப்பாற்றிக்கொள்கிறார். சாதாரண ஆட்டக்காரருக்கு மிஞ்சுவது சொற்பம். கூடுதல் நேரம் யாருக்கு வேண்டுமென்றால், பின்னவருக்குத்தான்.

கடிகாரம் எதற்காக வந்தது என்பதை முதலில் பார்க்கலாம். 1851இல் லண்டனில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் கடிகாரம் இல்லை. எதிராளி சலித்துப்போகும்வரை யோசித்துக்கொண்டே இருப்பவர்களைப் பற்றிய புகார்கள் அப்போதே எழுந்தன. 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதிய தொடரில் மணற்கடிகாரம் வைத்து, 2 மணி நேரத்தில் 24 நகர்த்தல் என்று வரையறுத்தார்கள். 1883 லண்டன் போட்டியில் தாமஸ் பிரைட் வில்சன் வடிவமைத்த இரட்டைக் கடிகாரம் பயன்பட்டது. வரம்பு மணிக்கு 15 நகர்த்தல். 1861இல் நகர்த்தலுக்கு 5 நிமிடம், 1883இல் 4 நிமிடம். 2024இல் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய உலகப் பட்டப் போட்டியில் முதல் 40 நகர்த்தல்களுக்கு 120 நிமிடம், அதாவது நகர்த்தலுக்கு 3 நிமிடம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் உச்சநிலை ஆட்டத்தில் நேரம் பாதியாகக்கூடக் குறையவில்லை. இழுத்தடிப்பைத் தடுக்கத்தான் கடிகாரம் வந்தது. யோசனையை நறுக்க வரவில்லை.

பொழுதுபோக்கு ஆட்டத்தின் கணக்கு வேறு. ஆட்டம் 40 நகர்த்தல்களில் முடிவதாக வைத்துக்கொள்வோம். 5 நிமிட ஆட்டத்தில் நகர்த்தலுக்கு ஏழரை விநாடி. 3 நிமிட ஆட்டத்தில் நாலரை. ஒரு நிமிட புல்லட்டில் ஒன்றரை. பிளிட்ஸ் எனப்படும் அதிவேக ஆட்டத்தின் உலகப் போட்டியில் 3 நிமிடமும் நகர்த்தலுக்கு 2 விநாடி கூடுதலும் தருகிறார்கள். அது சராசரியாக ஆறரை விநாடி. ஆக, உலகின் முன்னணி ஆட்டக்காரரான கார்ல்சனுக்குத் தரப்படும் நேரமும், அலுவலகம் முடிந்து வந்து ஆடுபவர் தமக்கே விதித்துக்கொள்ளும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். இருவரும் அந்த விநாடிகளில் ஒரே வேலையைச் செய்கிறார்களா என்பதே கேள்வி.

இல்லை என்பதற்கு உளவியலில் பழைய சான்று உண்டு. டச்சு உளவியலாளர் அட்ரியான் டி குரூட் தொடங்கிவைத்த சோதனைமுறையை 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செம்மைப்படுத்தினார்கள். உண்மையான ஆட்டத்தின் நடுக்கட்ட நிலை ஒன்றை 5 விநாடி மட்டும் காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். மாஸ்டர் ஏறத்தாழ 16 காய்களைச் சரியாக வைத்தார். புதிதாகக் கற்றவர் 4 காய்களை. காய்களைத் தாறுமாறாக இறைத்துவைத்துக் காட்டியபோது இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. மாஸ்டரின் நினைவாற்றல் பெரிதல்ல. அவரிடம் சேர்ந்திருக்கும் காய்க் கோலங்களின் இருப்புதான் பெரிது. ஆட்டத்தின்போது பலகை கண்முன்னே இருக்கிறது என்பதால் இச்சோதனையை அப்படியே பொருத்த முடியாது. என்றாலும் திசை தெளிவு: சில விநாடிகளில் மாஸ்டர் படிப்பது ஒரு வாக்கியத்தை; மற்றவர் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறார். எழுத்துக்கூட்ட நேரம் பிடிக்கும்.

விரைவு ஆட்டத்துக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகளையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். உலகச் சாம்பியன் காஸ்பரோவ் ஒரே நேரத்தில் பல வலுவான எதிராளிகளுடன் ஆடிய ஆட்டங்களைக் கோபேவும் சைமனும் 1996இல் ஆராய்ந்து, அவருடைய ஆட்டத்தரம் தரவரிசைக் கணக்கான எலோவில் சுமார் 100 புள்ளிகள்தாம் குறைந்தது என்றார்கள். 2004இல் புரூஸ் பர்ன்ஸ், ஆட்டக்காரர்களின் திறமை வேறுபாட்டில் 81 விழுக்காடு வரை பிளிட்ஸ் திறமையைக் கொண்டே விளக்கலாம் என்று காட்டினார். இவற்றை வைத்து, வேகமாக ஆடினாலும் சதுரங்கம் சதுரங்கமே என்று வாதிடுகிறார்கள். முதலாவது ஆய்வு காஸ்பரோவைப் பற்றியது, நம்மைப் பற்றியதல்ல. இரண்டாவது, யார் யாரைவிட வல்லவர் என்ற வரிசை பெரிதாகக் கலையவில்லை என்று சொல்கிறதே தவிர, நகர்த்தல்களின் தரம் குறையவில்லை என்று சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து கீழே இறங்கினாலும் வரிசை அப்படியே இருக்கும். அந்த வரிசையும் முழுதாக நிலைப்பதில்லை: நேரம் குறையக் குறைய, புள்ளி வேறுபாட்டைக் கொண்டு வெற்றி தோல்வியைக் கணிப்பது கடினமாகிறது என்று 2007இல் வான் ஹாரவெல்டும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். கிராண்ட்மாஸ்டர்கள்கூட பிளிட்ஸைவிட நேரம் கூடிய ரேபிட் ஆட்டங்களில், நீண்ட நேர கிளாசிக்கல் ஆட்டங்களைவிடக் கூடுதலாகவும் பெரிதாகவும் தவறு செய்கிறார்கள் என்பது 2003இல் சாப்ரிஸும் ஹெர்ஸ்டும் கண்டது.

எனக்கு இவற்றுள் மிக முக்கியமாகப்படுவது மாக்ஸ்லி, எரிக்சன் முதலியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு. முதலில் தோன்றும் நகர்த்தலையும், நேரம் எடுத்து யோசித்தபின் தேர்ந்த நகர்த்தலையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். வல்லவரும் சரி, திறமை குறைந்தவரும் சரி, யோசித்தபின் மேலான நகர்த்தலுக்கு வந்தார்கள். யோசனை வல்லவருக்கு மட்டுமே பலன் தரும், மற்றவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் வீண் என்ற எண்ணம் சதுரங்கக் கழகங்களில் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு: காய்க் கோலங்களின் இருப்பு நிறைய ஆட்டங்கள் ஆடுவதால்தான் சேரும், நிறைய ஆட வேகம் வேண்டும். விஸ்வநாதன் ஆனந்தை இதற்குச் சான்று காட்டுவார்கள். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய டால் சதுரங்கக் கழகத்தில் வென்றவர் தொடர்ந்து ஆட, தோற்றவர் எழுந்து இடம் விடும் பிளிட்ஸ் ஆட்டங்களில் அவர் வளர்ந்தது உண்மை. ஆனால் அதே சிறுவன்தான் நீண்ட நேரம் தரப்பட்ட போட்டிகளிலும் மிகக் குறைந்த நேரத்தையே செலவிட்டு வியப்பூட்டினான். அங்கே அவனுக்கு நிற்க இடம் இருந்தது, தேவைப்படாததால் நிற்கவில்லை. பிளிட்ஸ் மட்டும் ஆடுபவருக்கு அந்தத் தெரிவே இல்லை. மறுமுனையில் குகேஷ்: 2024 இறுதியில் உலகப் பட்டம் வென்றபோது அவருடைய ரேபிட், பிளிட்ஸ் புள்ளிகள் கிளாசிக்கல் புள்ளியைவிட 100க்கும் மேல் தாழ்ந்திருந்தன. சதுரங்கத்தில் உயர வேகம் கட்டாயமில்லை.

ஆட்ட எண்ணிக்கை பெருகினால் கோலங்கள் சேரும் என்பதும் பாதி உண்மைதான். குதிரையின் இரட்டைத் தாக்குதலில் யானையை இழந்தவர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் முன்பே அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால், சேர்வது பழக்கம், அறிவு அல்ல. இறுதிக்கட்ட ஆட்டம் இதில் மிகவும் அடிபடுகிறது. ராஜாவும் ஒரு சிப்பாயும் தனி ராஜாவை எதிர்க்கும் நிலையில் எதிர்நிலை பிடிப்பது எப்படி என்பதைக் கடைசி 8 விநாடிகளில் யாரும் கற்றுக்கொள்வதில்லை. கூடுதல் விநாடி இல்லாத பிளிட்ஸில் ராணியை வைத்திருப்பவரின் நேரம் தீர்ந்துவிட்டால், எதிராளியிடம் ஒரு சிப்பாய் மிஞ்சியிருந்தாலே போதும், ராணி வைத்திருந்தவர் தோற்றார். விதிப்படி அது சரி. ஆட்டம் எதைப் பற்றியதோ அதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பில்லை.

இதை நன்றாக உணர்ந்தவர் பிளிட்ஸ் மேதையான பாபி ஃபிஷர். 1970இல் ஹெர்செக் நோவியில் நடந்த 5 நிமிடப் போட்டியில் 22 ஆட்டங்களில் 19 புள்ளி எடுத்து, முன்னாள் உலகச் சாம்பியன் டாலை நாலரைப் புள்ளி பின்தள்ளினார். அவரே பிற்காலத்தில், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் விநாடிகள் சேர்ந்துகொண்டே வரும் கடிகாரத்துக்கு 1988இல் காப்புரிமை விண்ணப்பித்தார். 1992இல் ஸ்பாஸ்கியுடன் ஆடிய தொடரில் அதைப் பயன்படுத்தினார். கடைசிக் கட்டத்தில் மூச்சுமுட்டாமல் ஆட வழி அதில் இருக்கிறது.

நேரமில்லை என்ற சமாதானம் மட்டும் எஞ்சுகிறது. 5 நிமிட ஆட்டங்கள் ஆறு ஆடினால் ஒரு மணி நேரம் போகிறது. பலரும் ஒரே அமர்வில் அவ்வளவு ஆடுகிறார்கள். ஆளுக்கு 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்தால் 40 நகர்த்தல் ஆட்டம் அதிகபட்சம் ஏறத்தாழ 43 நிமிடத்தில் முடியும். நகர்த்தலுக்குச் சராசரி முப்பத்திரண்டரை விநாடி கிடைக்கும். வழக்கமான நகர்த்தல்களை விரைவாக ஆடி மிச்சம் பிடித்தால், ஆட்டத்தைத் தீர்மானிக்கும் இரண்டு மூன்று இடங்களில் மூன்று நான்கு நிமிடம் நிற்கலாம். உலக ரேபிட் போட்டியின் வரம்பும் இந்த 15 நிமிடமும் 10 விநாடிக் கூடுதலுமே. அந்த ஒரு மணி நேரத்தில் மீதமிருக்கும் ஏறத்தாழப் பதினேழு நிமிடத்தில் இருவரும் சேர்ந்து ஆட்டத்தை முதலிலிருந்து திருப்பிப் பார்க்கலாம்.

பிளிட்ஸின் குதூகலத்தை நான் மறுக்கவில்லை. அது தனி இன்பம், இருக்கட்டும். சதுரங்கக் கழகங்களும் பள்ளிகளும் தங்கள் மாலை ஆட்டங்களுக்கு 15 நிமிடத்தையும் 10 விநாடிக் கூடுதலையும் இயல்பு வரம்பாக அறிவிக்க வேண்டும். அதைவிட விரைவாக ஆட விரும்புவோர் தமக்குள் பேசி வைத்துக்கொள்ளட்டும்.