புகாரும் பெயரும் - ஒரு சின்ன வரலாறு

காரைக்குடிப் பக்கம் ஒரு ஆளை அடையாளம் காட்டப் பேரே தேவையில்லை. "கோட்டையூர்ல அந்தப் பெரிய வீடு இருக்குல்ல, அதுக்கு எதிர்த்த வீட்டு ரெண்டாவது பொண்ணு" என்றால் முடிந்தது. செட்டிநாட்டில் வீட்டுக்கு 'விலாசம்' என்று ஒன்று உண்டு. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோர்த்து வைப்பது. கல்யாணப் பத்திரிகையில் இருக்கும், பித்தளைப் பாத்திரத்தில்கூட வெட்டி வைத்திருப்பார்கள். அந்த நாலு எழுத்தைச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் மூன்று தலைமுறையை ஒப்பிப்பார்கள். :)

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கல்லூரியில் பாலியல் தொல்லைக்குப் புகார் கொடுப்பது பற்றிப் பேச ஆரம்பித்தாலே முதலில் வருகிற கேள்வி சட்டப்பிரிவு பற்றியது இல்லை. "என் பேரு வெளிய வருமா?" என்பதுதான். அழகப்பச் செட்டியார் 1947-ல் இங்கே கல்லூரி ஆரம்பித்ததிலிருந்து சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் எத்தனையோ பேர் பஸ் ஏறி வந்து படித்திருக்கிறார்கள். பலருக்கு வீட்டில் கிடைத்த அனுமதியே ஒரு நிபந்தனையோடுதான் கிடைத்திருக்கும்: பேர் கெடக்கூடாது. யார் தப்பு செய்தாலும் கெடுவது என்னவோ இவள் பேர்தான் என்பது இன்னொரு கொடுமை. அதனால் பலர் வாயே திறப்பதில்லை. இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் என்ன பதில் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்ததில் கிடைத்தவைதான் கீழே இருப்பவை.

ராஞ்சியில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1972 ஜூன் மாதம், ராஜேந்திர மருத்துவக் கல்லூரி. ஒரு நாள் ராத்திரி சில மாணவர்கள் பெண்கள் விடுதிச் சுவர் ஏறி உள்ளே வந்து, ஆடையில்லாமல் நடமாடி அசிங்கமாக நடந்துகொண்டார்கள். விடுதியில் இருந்த 36 மாணவிகள் முதல்வரிடம் புகார் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் புகார்க் குழு, விதிமுறை என்று எதுவும் கிடையாது. முதல்வர் மூன்று ஆசிரியர்களை வைத்து ஒரு விசாரணைக் குழு போட்டார். அவர்கள் செய்த காரியத்தை நான் இரண்டு முறை படித்தேன். மாணவிகளைத் தனியாகக் கூப்பிட்டு, சம்பந்தப்பட்ட மாணவர்கள் இல்லாத நேரத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். அடையாளம் சரிதானா என்று பார்க்க, அந்த மாணவர்களின் படங்களை இன்னும் இருபது மாணவர்களின் படங்களோடு கலந்து வைத்து எடுக்கச் சொன்னார்கள். பிறகு மாணவர்களைத் தனியாக அழைத்து, குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் கேட்டார்கள். யார் என்ன சொன்னாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. முடிவில் மாணவர்கள் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார்கள்.

நீக்கப்பட்டவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். "எங்கள் முன்னால் சாட்சியை விசாரிக்கவில்லை, குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை, இது இயற்கை நீதிக்கு விரோதம்" என்பது வாதம். 1973-ல் தீர்ப்பு வந்தது. மாணவர்கள் தோற்றார்கள். நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: இயற்கை நீதி என்பது எல்லா இடத்துக்கும் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. இந்தப் பெண்களை நேருக்கு நேர் நிறுத்தினால் யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள். வந்தால் அதற்குப் பிறகு அவர்கள் நிம்மதியாக நடமாட முடியாது. ஹிரா நாத் மிஸ்ரா வழக்கு என்று சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும். கவனியுங்கள், வழக்குக்குப் பேர் மாணவன் பேர். அந்த 36 பேரில் ஒருத்தி பேர்கூட நமக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அதே 1972-ல் மகாராஷ்டிராவில் நேர்மாறாக நடந்தது. ஒரு பழங்குடிப் பெண்ணை போலீஸ் ஸ்டேஷனிலேயே காவலர்கள் பலாத்காரம் செய்த வழக்கு. 1978-ல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுதலை செய்தது. 1979-ல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உட்பட நாலு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுத, நாடு முழுக்கப் போராட்டம். அதன் விளைவாக 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. அப்போதுதான் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அடையாளம் தெரியும்படி எந்த விவரத்தையுமோ வெளியிடுவது குற்றம் என்ற பிரிவு (228-அ) வந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் பேர் மட்டும் இன்றுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அவளால் வந்த சட்டம் அவளைக் காப்பாற்றவில்லை. நான் இங்கே எழுதவில்லை, அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

'எந்த விவரத்தையுமோ' என்பதை அடிக்கோடிடுங்கள். நம்ம ஊர் விலாசக் கதை இங்கேதான் வருகிறது. பேர் போடாமல் ஊர், துறை, எந்த வருஷம், அப்பா வேலை என்று எழுதினால் அதுவும் அதே குற்றம்தான். 2018-ல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விளக்கமாகச் சொன்னது. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 72-ஆவது பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை.

சரி, கல்லூரிக்குள் வருவோம். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவிக்கு 1992-ல் நடந்த கொடுமை, அதிலிருந்து பிறந்த விசாகா வழக்கு - இது பலருக்குத் தெரிந்த கதை. 1997 ஆகஸ்ட் 13 தீர்ப்பில் முதல்முறையாக, வேலை செய்யும் இடங்களில் புகார்க் குழு வேண்டும், தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும், ரகசியம் காக்க வேண்டும் என்று வந்தது. (பன்வாரி தேவி தன் பேரை மறைக்கவில்லை, தானே வெளியே வந்து பேசினார். அது அவர் முடிவு. முடிவு யாருடையது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.) அதை வைத்து டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 1999-ல் மாணவர் பிரதிநிதிகளும் தேர்தலில் வருகிற மாதிரி ஒரு குழு அமைத்தது. பல கல்லூரிகளுக்கு அது முன்மாதிரி. 2017-ல் அதைக் கலைத்துவிட்டு வேறு குழு வைத்தார்கள், அது தனிச் சண்டை.

தமிழ்நாட்டில் அதே நேரத்தில் பேச்சு தெருவைப் பற்றி இருந்தது. 1998 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்தவர்கள் செய்த சேட்டையில் கீழே விழுந்து இறந்துபோனாள். உடனே அவசரச் சட்டம், பிறகு ஈவ் டீசிங் தடைச் சட்டம். 2002-ல் அதன் பெயரைப் பெண்களுக்குத் தொல்லை கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றினார்கள். 'ஈவ் டீசிங்' என்றால் ஏதோ விளையாட்டு போல இருக்கிறது, மாற்றியது நல்லது.

2012 டிசம்பர் டெல்லி சம்பவத்துக்குப் பிறகுதான் எல்லாம் வேகமானது. 2013-ல் பணியிடச் சட்டம். அதே வருஷம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 'சக்ஷம்' அறிக்கை. பிறகு 2016 மே மாதம் மானியக் குழுவின் விதிமுறைகள் அரசிதழில் வந்தன. இது நமக்கு நேரடியாகப் பொருந்துவது, ஆனால் நம்மில் பலரும் படித்திருக்க மாட்டோம். கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் மூத்த பேராசிரியை. உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். விஷயம் மாணவர் சம்பந்தப்பட்டது என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவர்களும் உட்கார வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் யாரும் குழுவில் இருக்கக் கூடாது. நம்ம இண்டர்னல் மார்க் யார் கையில் இருக்கிறது என்று யோசித்தால் கடைசி விதி ஏன் என்று புரியும். மாணவர்களும் திருநங்கைகளும்கூடப் பாதிக்கப்படலாம் என்று அதில் எழுதியே இருக்கிறது.

பேர் கேள்விக்கு இந்த விதிமுறை சொல்லும் பதிலை நேர்மையாகச் சொல்ல வேண்டும். புகார் எழுத்தில் கொடுக்க வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் தரலாம். பாதிக்கப்பட்டவரால் முடியாத நிலை என்றால் தோழியோ உறவினரோ கொடுக்கலாம். புகாரின் நகல் எதிர்த்தரப்புக்கு ஏழு நாளில் போகும். ஆக அந்த ஆளுக்குப் பேர் தெரியும். மொட்டைக் கடுதாசி போல எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் வகுப்புக்கோ, ஸ்டாஃப் ரூமுக்கோ, ஊருக்கோ தெரியக் கூடாது. புகார் கொடுத்தவர், சாட்சிகள் யாருடைய அடையாளமும் வெளியே போகக் கூடாது. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்த ஆசிரியர் இவளுடைய பேப்பரைத் திருத்தக் கூடாது என்று குழு சொல்ல வைக்கலாம், வகுப்பு மாற்றலாம், மூன்று மாதம் வரை விடுப்பு தரலாம்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். கோவா பல்கலைக்கழகத்தில் 2009-ல் மாணவிகள் ஒரு பேராசிரியர் மேல் புகார் கொடுத்தார்கள். குழு அவசர அவசரமாக விசாரித்து முடித்தது, அவர் வேலையும் போனது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த அவசரத்தையே காரணம் காட்டி ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. பதினாலு வருஷம்! சரியாக விசாரிக்காத குழு இரண்டு பக்கத்துக்கும் துரோகம் செய்கிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வழக்கில் அப்படி நடக்கவில்லை. 2019-ல் கல்விச் சுற்றுலாவில் நடந்ததைப் பற்றி மாணவிகள் கொடுத்த புகாரில் குழு அறிக்கை தந்தது, அதே 'இயற்கை நீதி' வாதத்தோடு ஒரு ஆசிரியர் உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி ஆனது. ராஞ்சி வாதம் 46 வருஷம் கழித்தும் உயிரோடு இருக்கிறது பாருங்கள்.

நம்ம பக்கத்து மாவட்டம் அருப்புக்கோட்டையில் 2018-ல் வெளிவந்த விஷயம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கல்லூரி மாணவிகளிடம் ஒரு பேராசிரியை போனில் பேசிய பேச்சு ஆடியோவாக நாடு முழுக்கச் சுற்றியது. 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. கூடக் குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலை. இத்தனை சத்தத்துக்கு நடுவில் அந்த மாணவிகள் யார் என்று பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. பேச்சு பதிவாகி இருந்ததுதான் வழக்கின் உயிர். மெசேஜை அழிக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

கடைசியாக அண்ணா பல்கலைக்கழகம். 2024 டிசம்பர் 23 ராத்திரி வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி தாக்கப்பட்டாள். அவள் பயப்படவில்லை, புகார் கொடுத்தாள். அடுத்து என்ன? அவள் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியே வந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். 1972-ல் கம்ப்யூட்டர் இல்லாத மூன்று ஆசிரியர்கள் 36 பேரின் பேரைக் காப்பாற்றினார்கள். 2024-ல் ஒருத்தி பேரைக் காப்பாற்ற முடியவில்லை. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. டிசம்பர் 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து, அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவேண்டும், படிப்புக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்றது. அறிக்கையில் அவளையே குறை சொல்வது போல எழுதியிருந்த வாசகங்களையும் கண்டித்தது. வழக்கு வேகமாக நடந்து, 2025 ஜூன் 2-ஆம் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, முப்பது வருஷத்துக்குக் குறையாமல். ஐந்து மாதத்தில்! அவள் புகார் கொடுத்ததால்தான் அது நடந்தது.

போலீசுக்குப் போவதா, குழுவுக்குப் போவதா என்று கேட்பவர்களுக்கு: ஒன்றுக்குப் போனால் இன்னொன்று அடைபடாது, இரண்டும் செய்யலாம். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும் - எல்லை பார்த்து அனுப்புவது அவர்கள் வேலை. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 181. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். முதலாம் ஆண்டில் 18 முடியாதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு மட்டும் ஒரு வித்தியாசம். அவர்களுக்கு நடந்தால் அது போக்சோ. தெரிந்தவர்கள் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், கல்லூரிக்குள் பேசி முடித்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை.

"புகார் கொடுத்தால் ஹாஸ்டல் கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிடுவார்கள், மற்ற பொண்ணுங்க திட்டுவாங்க" என்று ஒரு தோழி சொன்னாள். அதற்கும் விதிமுறையில் பதில் இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதிக்கு மட்டும் தனிக் கட்டுப்பாடு போடக் கூடாது.

நாளைக்குக் கல்லூரிக்குப் போனால் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். புகார்க் குழு அமைத்த உத்தரவு எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். தலைவர் யார், வெளி உறுப்பினர் யார், மூன்று மாணவர்கள் யார் என்று வாசித்துப் பாருங்கள். துறைத்தலைவர் பேர் அதில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பட்டியலே இல்லை என்றால் ஆபீசில் போய் எங்கே என்று கேளுங்கள், நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.