இதய ஹார்மோன்களும் வளர்சிதை மாற்றமும்

இதய ஹார்மோன்கள் என்பவை இதயத் தசை அணுக்களே சுரந்து குருதியில் சேர்க்கும் பெப்டைடுகள், அதாவது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலிகள். மேலறைகளில் உருவாகும் 28 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ.என்.பி.யும், பெரும்பாலும் கீழறைகளில் உருவாகும் 32 அமினோ அமிலங்கள் கொண்ட பி.என்.பி.யும் இவற்றுள் முதன்மையானவை. 1981இல் கனடாவில் அடால்ஃபோ டி போல்டும் அவர் குழுவினரும் எலியின் மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது உப்பும் நீரும் சிறுநீரில் மிகுதியாக வெளியேறக் கண்டனர். இதயமும் ஒரு சுரப்பியே என்பது அதன் பின்னரே நிலைபெற்றது.

மேலறைச் சுவர் விரிவதே ஏ.என்.பி. சுரப்பதற்கான முதன்மைத் தூண்டல். இது நலமுள்ளோர் உடலிலும் அன்றாடம் நிகழ்வது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கிக் காவிரியில் கழுத்தளவு நீரில் நிற்பவருக்கு, கால்களிலும் வயிற்றிலும் உள்ள குருதியை நீரழுத்தம் மார்பை நோக்கித் தள்ளுவதால் மேலறைகள் விரிந்து இந்த ஹார்மோன் உயர்கிறது. நீரில் நிற்கும்போது சிறுநீர் கழிக்கும் உந்துதல் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் 400க்கும் மேற்பட்ட படிகளை ஏறி உச்சிப் பிள்ளையாரைக் காணச் செல்வோரிடமும், இதயத்துக்குத் திரும்பும் குருதியும் துடிப்பு வேகமும் கூடுவதால் அதே சுரப்பு நிகழ்கிறது.

இவ்வாறு சுரக்கும் ஹார்மோன் சிறுநீரகத்தோடு நின்றுவிடுவதில்லை. கொழுப்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில் அது பிணைந்ததும் அணுவினுள் சுழற்சி ஜி.எம்.பி. என்னும் செய்தி மூலக்கூறு பெருகி, சேமிப்புக் கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரிகிறது. இதனைப் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2000இல் நிறுவினர். அட்ரினலினும் கொழுப்பைக் கரைப்பதே எனினும் அதன் பாதை வேறு. அப்பாதையை அடக்கும் இன்சுலின் ஏ.என்.பி.யின் பாதையைத் தடுப்பதில்லை. எலிகளின் கொழுப்பணுக்களிலோ ஹார்மோனை விழுங்கி அழிக்கும் அகற்றல் ஏற்பிகள் மிகுந்திருப்பதால் இவ்விளைவு வெளிப்படுவதில்லை. ஆகவே எலி ஆய்வுகளை மட்டும் நம்பியிருந்தால் இத்துறையின் மையச் செய்தியே தவறிப்போயிருக்கும். நலமுள்ள தன்னார்வலர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகளின் மதிப்பு இதில்தான் உள்ளது. அத்தகைய ஆண்களுக்கு ஏ.என்.பி. செலுத்தப்பட்டபோது குருதியில் கொழுப்பு அமிலங்கள் உயர்ந்ததோடு, உணவுக்குப் பின் உடல் எரிக்கும் கொழுப்பின் அளவும் கூடியது. 2012இல் வெளியான வியன்னா ஆய்வில், பி.என்.பி. பெற்ற ஆண்களிடம் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனும் பசியுணர்வும் குறைந்தன.

உடற்பருமன் உள்ளோரிடம் இந்த ஹார்மோன்கள் குறைந்தே காணப்படுகின்றன என்பதை அமெரிக்காவின் ஃப்ராமிங்கம் ஆய்வு 2004இல் காட்டியது. இன்சுலின் மிகுதியாலும் கொழுப்புத் திசுவின் பெருக்கத்தாலும் அகற்றல் ஏற்பிகள் கூடுவது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. நீரிழிவும் உடற்பருமனும் பரவலாக உள்ள தமிழகத்தில் இதற்கு நேரடி மருத்துவப் பயன் உண்டு. மூச்சுத் திணறலுடன் வருபவருக்கு இதயச் செயலிழப்பு உள்ளதா என அறியப் பி.என்.பி. அளவு பார்க்கப்படுகையில், பருத்த உடலினரிடம் அந்த எண் நோயிருந்தும் குறைவாகத் தோன்றக்கூடும் என்பதால், மருத்துவர் உடல் எடையையும் சேர்த்தே அதனை மதிப்பிட வேண்டும்.